நூருங்ஜியின் ஈரப்பெட்டி

ஆறு வாரப் பயிற்சிக்காகப் புஸான் நகரத்துக்குக் கிளம்பும்போது, நாரே கண்ணாடித் தொட்டியின் முகப்பில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனாள். அதில் நான்கே வரிகள். காலையில் தண்ணீர் மாற்றவும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஐந்து புழு. ஈரப்பெட்டிக்குள் தினமும் தண்ணீர் தெளிக்கவும். நான்காவது வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தாள்: அம்மா கை படக் கூடாது.

தொட்டிக்குள் இருந்தது ஒரு சாண் நீளத்துக்குப் புள்ளி போட்ட பல்லி. பானையின் அடியில் காந்திப்போன சோற்றின் நிறம். அந்தக் காந்தல் சோற்றின் பெயரையே, நூருங்ஜி என்று, அதற்கு வைத்திருந்தாள் நாரே.

தாளைப் படித்ததும் அவளுடைய அம்மா சுன்ஹீக்குச் சுருக்கென்றது. அவள் கைக்கு ஜெச்சோன் ஊரில் நல்ல பெயர். இருபத்தாறு வருடங்களாக அங்கே ஒரு பொதுக்குளியல் கூடத்தில் பெண்கள் பகுதியில் முதுகு தேய்க்கும் வேலை. வெந்நீர்த் தொட்டியில் ஊறி எழுந்து வருகிறவர்களைப் பலகையில் படுக்க வைத்து, பச்சை நிறச் சொரசொரப்புத் துணியைக் கையில் மாட்டிக்கொண்டு அவள் இழுத்தால், செத்த தோல் திரிதிரியாகத் திரண்டு வரும். கல்யாணத்துக்கு முந்தின நாள் அவளிடம் தேய்த்துக்கொள்ள வேண்டும் என்று பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் பெண்கள் வருவார்கள். அந்தக் கை ஒரு பல்லி மேல் படக் கூடாதாம்.

கோபப்பட்டாளே தவிர, காரணம் அவளுக்குத் தெரியும். சொந்த மகளின் முதுகை அவள் பார்த்துப் பத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. நாரே குளிக்கும்போது தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். கழுத்தை மூடிய சட்டையோடுதான் வெளியே வருவாள். அப்படிப்பட்டவள் முதன்முறையாக ஒரு உயிரை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள் விட்டுப் போனபடியே அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சுன்ஹீயின் மனதில் இருந்தது அது ஒன்றுதான்.

அதனால்தான் அளவுக்கு மீறிக் கவனித்தாள். ஜனவரிக் குளிரில் குழாய்த் தண்ணீர் உறைந்துகிடந்தது. அறையில் தரைக்கு அடியிலிருந்து வரும் சூடு முதலில் ஏறுகிற மூலை ஒன்று உண்டு. வீட்டுக்கு வரும் பெரியவர்களை உட்கார வைக்கிற இடம். மேசை மேலிருந்த தொட்டியை இறக்கி அங்கே வைத்தாள். அறைச் சூட்டையும் இரண்டு டிகிரி ஏற்றிவிட்டாள். அடுத்து அவள் கண் அந்த ஈரப்பெட்டி மேல் போயிற்று. சின்னப் பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் நனைந்த பாசி. இந்தக் குளிரில் ஈரப் படுக்கையா? பெற்ற பிள்ளையை யாராவது அப்படிப் படுக்க வைப்பார்களா? பாசியில் லேசாக நாற்றம் வேறு. மூன்றாம் நாள் டப்பாவோடு தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, பழைய பருத்தித் துண்டு ஒன்றை நான்காக மடித்து உள்ளே வைத்தாள். ஈரப்பெட்டி எதற்கு என்று மகளைக் கேட்கத் தோன்றவில்லை. தோலைப் பற்றி அவளுக்குத் தெரியாததை இன்னொருவர் சொல்லிக் கொடுக்கவா போகிறார்கள்?

"நல்லா இருக்கா அது?" என்று போனில் கேட்பாள் நாரே.

"அதுக்கென்ன, நம்மளவிட நல்லா இருக்கு. கதகதப்பா கால நீட்டிப் படுத்திருக்கு."

ஐந்தாவது வாரம் நூருங்ஜி சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்தது. மறுநாள் காலை தோல் உரிந்திருந்தது, ஆனால் முழுசாக இல்லை. முதுகிலும் வாலிலும் போயிருந்தது; நான்கு பாதங்களிலும் காய்ந்து இறுகி நின்றது. பல்லி பின்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் தூக்கித் தூக்கி நடந்தது. சுன்ஹீ மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு விரலிலும் வெள்ளை நூல் சுற்றியதுபோல் பழைய தோல். இடது பின்னங்காலின் நான்காவது விரல் வீங்கிச் சிவந்திருந்தது.

செத்த தோலைக் கண்டால் அவள் கை யோசிக்காது. தொட்டிக்குள் போயிற்று, பல்லியைப் பிடித்தது, கட்டைவிரல் நகத்தால் அந்த நூலின் முனையை நெம்பிச் சுண்டியது.

பல்லி கீச்சென்று கத்தியது. அதற்குக் குரல் உண்டு என்பதே அதுவரை அவளுக்குத் தெரியாது. நூல் வரவில்லை. விரல் நுனியில் குண்டூசித் தலை அளவுக்கு ரத்தம் நின்றது.

அவள் பல்லியை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சத்தத்தை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். நாரேவுக்கு அப்போது ஏழு வயது. முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் முதுகிலும் தோல் சிவந்து சொரசொரத்துக் கிடந்தது. தோல் நோய் என்றார்கள். நோயாவது மண்ணாவது, ஊறவைத்து ஒரு தேய் தேய்த்தால் பட்டுப்போல் ஆகிவிடும் என்று சொன்னவள் சுன்ஹீ. கூடத்துக்கு விடுமுறையான ஒரு நாளில் பிள்ளையைப் பலகையில் படுக்க வைத்து, ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் தேய்த்தாள். தேய்த்த இடமெல்லாம் புண்ணாகிச் சீழ் வைத்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள் குழந்தை.

தேய்த்தது தெரியாமல் செய்த தப்பு. அதற்குப் பிறகு செய்தது அப்படி இல்லை. "இது எப்படி ஆச்சு?" என்று டாக்டர் கேட்டபோது, "இவளே சொறிஞ்சுக்கிட்டா டாக்டர், சொன்னா கேக்க மாட்டேங்கிறா" என்றாள் சுன்ஹீ. கட்டிலில் கிடந்த குழந்தை அம்மாவைப் பார்த்தது. 

பல்லிக்கு ரத்தம் வந்த அன்று குளியல் கூடத்தில் சுன்ஹீக்குக் கை ஓடவில்லை. அவளோடு வேலை பார்க்கும் மியோங்சுக் அவளைவிட ஆறு வயது மூத்தவள், வாய்க்குப் பூட்டில்லாதவள். மதியம் உடைமாற்றும் அறையில் சுட்ட முட்டையை உரித்தபடி கேட்டாள்:

"என்னடி, செத்த வீட்டுக்குப் போய்ட்டு வந்த மூஞ்சி?"

சுன்ஹீ பல்லி விஷயத்தைச் சொன்னாள். ரத்தம் வந்ததைச் சொல்லவில்லை.

"அடிப்பாவி, ஊர்ல இருக்கிற முதுகு பத்தாதுன்னு பல்லி முதுகுக்குமா போயிட்ட? ஆளு என்ன எடை இருக்கும்? எண்ணெய் மசாஜும் சேத்தா?"

"வெளையாடாதீங்க அக்கா. வெரலு போயிரும்போல இருக்கு."

மியோங்சுக் முட்டையைக் கீழே வைத்தாள். "வர்றவங்ககிட்ட எல்லாம் தொண்டை கிழியக் கத்துவியே, ஊறாம பலகையில ஏறாதீங்கன்னு. அத மட்டும் ஏன்டி ஊறவிடல?"

சுன்ஹீ போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள்.

"நாரே, தோல் சரியா உரியல. வெரல்ல ஒட்டிக்கிச்சு."

"ஈரப்பெட்டி?"

"அது... காஞ்சுபோச்சு."

"எந்த வெரலு? ரத்தம் வந்துதா?"

"பின்னங்கால்ல ஒண்ணு. கொஞ்சமா வந்துச்சு." சுன்ஹீயின் நாக்கு ஒரு கணம் தயங்கியது. பிறகு அதுவே பேசிவிட்டது. "அதுவே கடிச்சுக்கிச்சு போல."

மறுமுனையில் நாரே மூச்சுவிடுவது மட்டும் கேட்டது.

"சரி," என்றாள் கடைசியில். "நான் சொல்றத எழுதிக்க."

குளியல் கூடத்து ரசீது ஒன்றின் பின்பக்கத்தில் சுன்ஹீ எழுதிக்கொண்டாள். திரும்பும் வழியில் பூக்கடையில் ஆர்க்கிட் செடிக்கு வைக்கும் காய்ந்த பாசி ஒரு பை வாங்கினாள். வீட்டில் பெரும்பாலான டப்பாக்களில் கிம்ச்சி ஊறுகாயின் வாசம் குடியேறியிருந்தது. தேடி, டோஃபு மட்டுமே வைத்துப் பழகிய மூடி போட்ட டப்பா ஒன்றை எடுத்தாள். கத்தி முனையை அடுப்பில் காய்ச்சி, பக்கச் சுவரில் பல்லி நுழையும் அளவுக்கு ஒரு வாசல் வெட்டினாள். வெட்டிய விளிம்பு கீறிவிடும் என்று நாரே சொல்லியிருந்தாள். உப்புத்தாளால் தேய்த்தாள். விரலால் தடவிப் பார்த்தபோது வழுவழுப்பாகத்தான் இருந்தது. ஆனால் காய்த்துப்போன அந்த விரல்களுக்கு என்ன தெரியும்? சட்டைக் கையை மடித்து, முழங்கையின் உள்மடிப்பில் வைத்து இழுத்துப் பார்த்தாள். கீறியது. திரும்பத் தேய்த்தாள். நான்காவது முறைதான் கீறாமல் வழுக்கிப் போனது. மகளுக்குத் தோல் சிவந்துகிடந்த அதே இடம் அது என்பது டப்பாவைக் கீழே வைத்த பிறகுதான் உறைத்தது. 

பாசியை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டதும் உப்பிப் பெரிதாயிற்று. இனி ஒரு சொட்டும் வராது என்கிற வரை பிழிந்து, உதறி, டப்பாவில் பாதி உயரத்துக்கு நிரப்பி மூடினாள். அறைச் சூட்டைக் குறைத்து, தொட்டியைப் பழையபடி மேசைக்கு ஏற்றி, டப்பாவை அதில் விளக்குச் சூடு படுகிற பக்கத்தில் வைத்தாள். துண்டை எடுத்துவிட்டாள். நூருங்ஜி வாசலில் மூக்கை நீட்டிப் பார்த்தது. பிறகு நொண்டிக்கொண்டே உள்ளே போய், பாசியில் வயிற்றை அமுக்கிப் படுத்துக்கொண்டது.

இனிமேல்தான் கஷ்டம். மூன்று நாள் திறக்கக் கூடாது, தொடக் கூடாது. காலையும் மாலையும் வாசல் வழியாகத் தண்ணீர் தெளிப்பதோடு சரி. வாழ்நாளில் ஒரு தோலுக்காக இருபது நிமிடத்துக்கு மேல் சுன்ஹீ காத்திருந்ததில்லை. இப்போது வேலை விட்டு வந்ததும் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். சும்மா இருக்கிற கைகள் மடியில் துறுதுறுத்தன. அவற்றைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். சிவப்பு மை வரி நேர் எதிரே இருந்தது. முதல் நாள் அதைப் படிக்கும்போது வந்த கோபம் இப்போது வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அதுவே கடிச்சுக்கிச்சு. இத்தனை வருடத்தில் பொய்யைக்கூட மாற்றிச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

நான்காம் நாள் காலை மூடியைத் திறந்தாள். விரல்களில் நூல் இல்லை. உரிந்த தோலைப் பாசிக்குள் தேடினாள், கிடைக்கவில்லை. உரிந்ததைப் பல்லியே தின்றுவிடும் என்று நாரே எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. பத்தொன்பது விரல்கள் ஈரமாக, புதிதாக, பளிச்சென்று இருந்தன. இடது பின்னங்காலின் நான்காவது மட்டும் பாதி வரை கறுத்துப்போயிருந்தது. அடுத்த வாரம் அந்தக் கறுத்த பாதி தானாக உதிர்ந்தது. வலி இல்லை போலும், நூருங்ஜி ஓடிப்போய்ப் புழுவைப் பிடித்தது. சுன்ஹீ அதைப் பார்த்து அழுதாள்.

சனிக்கிழமை மாலை நாரே வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டியைத் திறந்து பல்லியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். அடுப்பில் சோயாக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சுன்ஹீ அடுப்பை அணைத்துவிட்டு வந்து மகளுக்கு எதிரே நின்றாள்.

"அது கடிக்கல. நான்தான் நகத்தால பிடுங்கினேன்."

நாரே தலையை நிமிர்த்தவில்லை.

"ஈரப்பெட்டியும் காயல. நான்தான் தூக்கிப் போட்டேன்." சுன்ஹீ அதோடு நிறுத்தவில்லை. "அன்னிக்கு டாக்டர்கிட்ட நீயே சொறிஞ்சுக்கிட்டேன்னு சொன்னேன்ல, அதுவும் பொய். நீ சொறியல. நான்தான் தேச்சேன். நீ கத்தக் கத்தத் தேச்சேன். என்னை மன்னிச்சுரு."

நாரே பல்லியின் குட்டை விரலைத் தன் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்குத்தான் தெரியுமே அம்மா," என்றாள். "நீ எப்ப சொல்லுவன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

 பல்லியை டப்பா வாசலில் விட்டாள். அது உள்ளே போனதும் அந்த வாசலின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். இருவரும் சாப்பிட்டார்கள். குழம்பில் உப்புக் குறைவு என்றாள் நாரே. வேணும்னா போட்டுக்க என்றாள் சுன்ஹீ. தொட்டி முகப்பிலிருந்த தாளை நாரே எடுக்கவில்லை.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அம்மா."

சுன்ஹீ கையைத் துடைத்துக்கொண்டு போனாள். நாரே வாசலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். சட்டையைத் தோள் வரை தூக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் திறந்த களிம்புக் குழாய்.

"விடுதியில சூடு ஜாஸ்தி. நடு முதுகு மொத்தமும் வெடிச்சிருச்சு. எனக்கு எட்டல."

சுன்ஹீ பின்னால் மண்டியிட்டாள். புதிய சிவப்பையும், அதற்கடியில் பழைய வெளிறிய தழும்புகளையும் பார்த்தாள். தன் கை போன வழி ஒவ்வொன்றும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. காய்த்துப்போன விரல்களை அவள் நம்பவில்லை. சட்டைக் கையை மடித்து, களிம்பை முழங்கையின் உள்மடிப்பில் எடுத்துக்கொண்டாள்.

"தேய்க்காத," என்றாள் நாரே.

"தேய்க்க மாட்டேன்."

ஒத்தி ஒத்தி, முதுகு முழுவதும் வைத்துவிட்டு, கைகளை மடியில் போட்டுக்கொண்டு, களிம்பு தானாக உள்ளே இறங்கும் வரை சுன்ஹீ காத்திருந்தாள்.