ஒரு நாளைக்கு ஒரு விரல்

எங்கள் அறையில் இருந்த ஒரே ஜன்னல் அக்காவுக்குச் சொந்தம். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு மூன்று வருஷம் முன்னால் பிறந்து தொலைத்தாள், அவ்வளவுதான். அவள் கட்டிலில் படுத்தால் காற்று வரும், தெரு தெரியும், எதிர்வீட்டு மாடியில் ஒரு நாய்க்குட்டி துள்ளுவது தெரியும். என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது கண்ணாடி வைத்த இரும்பு பீரோ. தினமும் காலையில் என் முகத்திலேயே நான் விழிக்க வேண்டும்.

கேட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், அம்மாவிடம் மூட்டிவிட்டும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா அந்த வருஷம் பத்தாம் வகுப்பு. அதனால் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். நான் அவளுக்குக் கலெக்டர் என்று பெயர் வைத்திருந்தேன். கலெக்டர் என்னிடம் பேசுவது ஒரு நாளைக்கு இரண்டே வாக்கியம்: சத்தம் போடாதே, விளக்கை அணை.

இப்படி இருக்கும்போதுதான் அறிவியல் டீச்சர் அவித்த முட்டை ஒன்றோடு வகுப்புக்கு வந்தார். முட்டையை மேசையில் லேசாகத் தட்டி, விரிசல் விட்ட ஓட்டைக் காட்டினார். பூமியின் மேலோடும் முட்டை ஓடு மாதிரி மெல்லியதுதானாம். வெள்ளைக்கரு இருக்கிற இடத்தில் கவசம், மஞ்சள் கரு இருக்கிற இடத்தில் கருவம். மேலோடும் அதை ஒட்டிய பாறையும் சேர்ந்து பெரிய பெரிய தட்டுகளாக உடைந்து கிடக்கின்றன. கீழே கவசத்தில் உள்ள பாறை கெட்டிதான், ஆனால் சூட்டில் மெல்ல மெல்ல நகர்கிறது. மேலே தட்டுகளும் நகர்கின்றன, நம் நகம் வளர்கிற வேகத்தில். தட்டோடு சேர்ந்து வீடு, ரோடு, மலை, நாம் எல்லோரும் போவதால் ஒருவருக்கும் தெரிவதில்லை. இதைச் சொல்லிவிட்டு டீச்சர் பூமியை உரித்துச் சாப்பிட்டுவிட்டார்.

ஒருவருக்கும் தெரிவதில்லை என்ற இடத்திலேயே என் மனசு நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் அக்கா டியூஷன் போனதும் வேலையை ஆரம்பித்தேன். அறையில் பீரோவுக்கு அடுத்து வரிசையாக என் கட்டில், நடுவில் புத்தக அலமாரி, அப்புறம் அவள் கட்டில், அதன் தலைமாட்டுச் சுவரில் ஜன்னல். அவள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் சுவர் வரை இரண்டடி சும்மா கிடந்தது. மூன்றையும் அந்தச் சுவரை நோக்கி ஒரு விரல் அகலம் தள்ளினேன். கட்டிலை மட்டும் தள்ளினால் இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும். எல்லாம் சேர்ந்து நகர்ந்தால் எவளுக்குத் தெரியும்? இருபத்து நான்கு விரல் தள்ளினால் ஜன்னலில் பாதி என் தலைக்கு நேரே வந்துவிடும் என்று கணக்கு. கால்கள் தரையில் கீச்சிடாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் பழைய சாக்ஸ் மாட்டிவிட்டேன். கவசம் இல்லாமல் தட்டு எப்படி நகரும்?

தினமும் ஒரு விரல். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு. பத்தாவது கோட்டிலேயே ஜன்னல் கிட்ட வந்த மாதிரி இருந்தது. காற்றுகூடக் கொஞ்சம் வந்தது. பீரோக் கண்ணாடியில் என் முகம் வரவரப் பெரிதாகத் தெரிந்தது. வளர்கிறேன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அக்கா பரீட்சைக்குப் படிக்க விட்ட விடுமுறையில் பகல் முழுக்க அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து படிக்கிறாள், ஒரு மண்ணும் தெரியவில்லை, இவளுக்கெல்லாம் எப்படி மார்க் போடுகிறார்கள் என்று எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

இருபத்திரண்டாவது கோடு போட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா தையல்காரி. லைனிங் துணி எடுக்க பீரோவைத் திறக்க வந்தாள். மாதம் ஒரு தடவைதான் அதைத் திறப்பாள். கதவு ஒரு ஜாண் திறந்து என் கட்டிலில் முட்டி நின்றது. அம்மா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்தாள். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே இரண்டடி இருந்த இடத்தில் எட்டு அங்குலம்தான் இருந்தது. கட்டிலை பீரோ பக்கம் யார் தள்ளினது என்று கேட்டாள்.

நான் தள்ளியது எதிர்ப்பக்கம். நோட்டில் இருபத்திரண்டு கோடு சாட்சி. கால்மாட்டிலிருந்து குதித்தே ஏறி இறங்குகிற எனக்குப் பக்கவாட்டில் இடம் போனது தெரியவே இல்லை. திரும்பி அறையின் அந்தக் கோடியைப் பார்த்தேன். அக்கா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இப்போது ஒரு நாற்காலி போடுகிற அளவு இடம். நாற்காலியே போட்டிருந்தாள். அதில் உட்கார்ந்து, புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது நாளே தெரியும்டி. நீ ஒரு விரல் தள்ளினா, காலையில நீ ஸ்கூலுக்குப் போனதும் நான் ரெண்டு விரல் பீரோ பக்கம் தள்ளுவேன். சாக்ஸ் போட்டியே, ரொம்ப வசதியா இருந்துச்சு. அந்த முட்டைப் பாடம் எனக்கும்தான் எடுத்தாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிக்கிறேன் என்று ஊரை ஏமாற்றிவிட்டுக் கட்டில் தள்ளுகிறாள், ஜன்னலையும் விடமாட்டாள், இதைக் கேட்க ஆள் இல்லையா என்று அம்மாவிடம் கத்தினேன். அம்மா டேப்பைச் சுருட்டினாள். அவள் பார்வை என் மேல் இல்லை, அக்கா மேல் இருந்தது.

அக்கா சிரிப்பதை நிறுத்தினாள். பரீட்சை முடிந்ததும் ஹாஸ்டலில் சேரப் போவதாகச் சொன்னாள். பதினொன்றாம் வகுப்பு அங்கேதானாம். போன மாதமே கையெழுத்துப் போட்டாயிற்றாம். ஜன்னல், கட்டில், நாற்காலி எல்லாம் அப்புறம் எனக்குத்தான். நான் அழுவேன் என்று என்னிடம் மட்டும் சொல்லவில்லையாம்.

நான் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதேன்.

"அப்புறம் எதுக்குத் தள்ளின? எனக்கே வரப்போறதுதானே?"

அவள் புத்தகத்தின் ஓரத்தைச் சுரண்டினாள். "நாள் பூரா தனியா உக்காந்து படிக்கறேன். நாமதான் பேசிக்கறதே இல்ல. காலையில எந்திரிச்சு, நீ எவ்வளவு தள்ளியிருக்கேன்னு பாக்கறதுதான் ஜாலியா இருந்துச்சு."

எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டு அம்மா தையல் மெஷினுக்குப் போய்விட்டாள். அக்கா ஒரு முனையைப் பிடித்தாள், நான் ஒரு முனை. பழைய இடம் வந்ததும் அவள் நிறுத்தவில்லை. இன்னும் தள்ளுடி, இன்னைக்கே ஜன்னலை எடுத்துக்கோ என்றாள். இருபத்திரண்டு நாள் இதற்காகத்தான் முதுகு ஒடியத் தள்ளினேன். ஆனால் நான் கட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அது ஓர் அங்குலம் அசையவில்லை.

"வேண்டாம். நாளைக்கு ஒரு விரல் தள்ளிக்கறேன்."

"தள்ளு. மறுநாள் காலையில நான் பாத்துக்கறேன்."

பரீட்சை முடிய இன்னும் இருபத்தேழு நாள்தான் இருந்தது. எனக்கு அது போதவே போதாது.