ஜெஸ்ஸியாக நடித்த சாயங்காலம்

ஆனந்தன் தன்னை எடுத்து வளர்த்த அத்தையின் பெயரைத்தான் மகளுக்கு வைத்தான். தெய்வநாயகி. இரண்டாம் வகுப்புக்கு சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் ஒரு புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்வரை அந்தப் பெயரால் யாருக்கும் ஒரு தொந்தரவும் வரவில்லை. 2003 ஜூனில், வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரைப் படித்த முதல் நாளே ஷ்யாம் என்ற பையன் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டான். வகுப்பே சிரித்தது.

இடைவேளையில் நாலைந்து பேர் அவளைச் சுற்றி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "சாமி, எனக்குக் கணக்குல நூறு மார்க் குடு சாமி!" ஒருத்தன் சாக்பீஸ் தூளை அவள் நெற்றியில் பூசிவிட்டான்.

மூன்றாம் நாள் காலையில் அவள் சீருடையைப் போட மறுத்தாள். "எனக்கு வேற பேரு வெய்யுங்க. அப்பதான் போவேன்."

விஷயம் தெரிந்ததும் ஆனந்தனுக்குக் கோபம் வந்துவிட்டது. தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன் அவன். காக்கிச் சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல் நின்றான். "யாரு அவன்? மூக்கு மேலயே ஒண்ணு வுடு. அப்பால பேசுவானா பாக்கறேன்."

"அவன் என்னவிட உயரம் நைனா."

அம்மா ஜெயப்பிரியா வேறு வழி சொன்னாள். "நீ கண்டுக்காத கண்ணு. தன்னால வுட்டுடுவானுங்க."

மகள் ஒரு வாரம் தலையைக் குனிந்துகொண்டு வாயே திறக்காமல் இருந்து பார்த்தாள். பேசாத சாமி கல்லு சாமி என்று புதுப் பெயர்தான் கிடைத்தது.

ஜெயப்பிரியா பள்ளிக்குப் போய் பார்வதம் மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் முழுசாகக் கேட்டுக்கொண்டாள். "நான் கண்டிக்கறேன். ஆனா தண்ணிக் குழாய்கிட்ட, வராண்டாவுல எல்லாம் நான் இருக்க முடியாதில்ல? அவ தலையைக் குனிஞ்சுக்கறா. அதுதான் அவங்களுக்கு ருசியா இருக்கு. நிமிர்ந்து நின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு நகரட்டும். எல்லை மீறினா நேரா என்கிட்ட வரட்டும். வீட்டுல நடிச்சுப் பழக்குங்க."

அன்று சாயங்காலமே ஒத்திகை ஆரம்பமாயிற்று. ஆனந்தன்தான் ஷ்யாம். மகளைப் பார்த்துக் கும்பிட்டவன் சிரித்துவிட்டான்.

"ஒழுங்கா கிண்டல் பண்ணுய்யா!" என்றாள் ஜெயப்பிரியா.

"இன்னாடி பண்றது, புள்ள மூஞ்சியப் பாத்தா வர்ல."

வசனத்தை மூவரும் சேர்ந்து உண்டாக்கினார்கள். "என் பேரு தெய்வநாயகி. எனக்கு இது புடிக்கல. நிறுத்து." முதலில் அது அவள் தொண்டையைத் தாண்டி வெளியே வரவில்லை. தலை பின்னும்போது ஒரு தடவை, சாப்பிடும்போது ஒரு தடவை என்று பத்து நாள் போனது. பதினோராவது நாள் குழாயடியில் அவள் சொல்லியேவிட்டாள். குரல் நடுங்கியது. ஷ்யாம் அதே குரலில் திருப்பிச் சொல்லிக் காட்டினான். அவள் நிற்காமல் நடந்துவிட்டாள். நான்காவது தடவை சொன்னபோது அவனுக்கே அலுத்துவிட்டது.

ஆகஸ்டில் ஒருநாள் அவள் குதித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். "அம்மா, இப்பல்லாம் என்னிய யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. ஜெஸ்ஸியத்தான்!"

ஜெஸ்ஸி நாகர்கோவிலிலிருந்து புதிதாக வந்தவள். அவளுக்கு ஒரு கண்ணில் பார்வை மந்தம். அந்தச் சோம்பிய கண்ணுக்கு வேலை கொடுக்க, நல்ல கண்ணை மூடி டாக்டர் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். அதன் மேலே கண்ணாடி.

"ஒத்தக்கண்ணுன்னு கூப்புடுவாங்க. வெரலக் காட்டி எத்தினின்னு கேப்பாங்க. செம சிரிப்பு."

ஜெயப்பிரியாவின் கை மாவுக் கரண்டியோடு நின்றுவிட்டது. "நீ இன்னா பண்ண?"

"நானும் சிரிச்சேன்."

ஆனந்தன் அதட்ட வாயெடுத்தான். ஜெயப்பிரியா அவனைக் கண்ணாலேயே அடக்கினாள். "வா, நடிச்சுப் பாக்கலாம். இன்னிக்கு நீ ஜெஸ்ஸி."

கைக்குட்டையால் ஒரு கண்ணைக் கட்டியதும் மகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆனந்தனுக்கு இப்போது கிண்டல் நன்றாகவே வந்தது. "ஏய் ஒத்தக்கண்ணு! இது எத்தினி வெரலு?" ஜெயப்பிரியா சத்தமாகச் சிரித்தாள்.

"என் பேரு..." என்று மகள் ஆரம்பித்தாள்.

"அது உனக்குத் தெரியும். ஜெஸ்ஸிக்கு யாரும் சொல்லித் தர்லியே" என்றான் அவன். "சொல்லு ஒத்தக்கண்ணு, எத்தினி?"

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். மகளின் உதடு கோணியது. கட்டாத கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

ஜெயப்பிரியா ஓடிவந்து கட்டை அவிழ்த்து வாரி எடுத்துக்கொண்டாள். இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாமோ என்று அவளுக்கே பதறியது. ஆனந்தன் மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ ஏம்மா சிரிச்ச?"

"நீ ஏன் கண்ணு சிரிச்ச?"

அம்மாவின் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டே மகள் சொன்னாள். "சிரிக்கலன்னா மறுபடியும் என்னியப் பண்ணுவாங்க."

"பண்ணுவாங்கதான்" என்றாள் ஜெயப்பிரியா. "பண்ணா இன்னா சொல்லணும்னு உனக்குத்தான் தெரியுமே."

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஜெஸ்ஸி வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தெய்வநாயகி டிபன் டப்பாவோடு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஷ்யாம் விடவில்லை. "டேய், ஒத்தக்கண்ணுக்குக் கண்ணு குடுக்க சாமியே வந்துடுச்சுடா!"

மனப்பாடம் செய்த வசனம் முழுக்க மறந்துபோயிற்று. அவள் எழுந்து நின்றாள். "அவ பேரு ஜெஸ்ஸி. நாங்க சாப்புட்டுகினு கீறோம். நீ போ."

அவன் போகவில்லை. அங்கேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தான். ஆனால் அவன் பின்னால் நின்ற ஷபானா சிரிப்பதை விட்டுவிட்டுக் கிட்டே வந்தாள். "அத எப்ப எடுப்பாங்க? வலிக்குமா?"

"ஆறு மாசம் ஆவும். வலியெல்லாம் கெடையாது, பிச்சு எடுக்கும்போதுதான் லேசா" என்றாள் ஜெஸ்ஸி. ஷபானா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று பேரும் சோற்றைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கையில், தனியாகச் சிரித்துக்கொண்டிருந்த ஷ்யாம் பந்து விளையாடப் போய்விட்டான். அவன் ஒரேயடியாகத் திருந்திவிடவில்லை. தீபாவளி வரைக்கும் அவ்வப்போது ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருந்தான். ஒரு தடவை கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தபோது மூவரும் நேராகப் பார்வதம் மிஸ்ஸிடம் போய் நின்றார்கள். அதற்கப்புறம் அவன் கை நீளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெஸ்ஸி அவர்கள் வீட்டுக்கு வந்தாள். இருவரும் மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றார்கள். மாடியில் துணி எடுத்துக்கொண்டு இறங்கிய ஜெயப்பிரியா பேச்சைக் கேட்டு மேற்படியிலேயே நின்றாள்.

"நீ வந்த புதுசுல" என்றாள் தெய்வநாயகி, "அவங்கள்லாம் சிரிச்சப்ப நானும் சிரிச்சேன்."

"தெரியும். நான் பாத்தேன்."

"அப்ப ஏன் எங்கூட சேந்த?"

ஜெஸ்ஸி முறுக்கைக் கடித்துக்கொண்டே யோசித்தாள். "நீதானே வந்து உக்காந்த" என்றாள்.

பிறகு தன் கையிலிருந்ததில் பாதியை உடைத்து நீட்டினாள்.