மச்சினன் போட்ட பூட்டு

எண்ணைக் கொடுத்தால் எழுத்தில் எழுதிக் கொடுக்கும் ஒரு லைப்ரரிதான் அந்தக் கம்பெனியின் ஒரே சொத்து. பில்லின் அடியில் 'நாலாயிரத்து முந்நூற்று இருபது மட்டும்' என்று வருகிறதே, அந்த வரியை எழுதும் புரோகிராம் துண்டுக்குத்தான் அந்தத் தொழிலில் லைப்ரரி என்று பெயர். மற்ற புரோகிராமர்கள் அதை வாங்கித் தங்கள் மென்பொருளுக்குள் பொருத்திக்கொள்வார்கள். எழுதியவர் அக்கா. டயர் கடைக்கு மேலிருந்த அந்த ஆபீஸில் எல்லோருக்கும் அவர் அக்காதான். அவரைவிட மூத்த முதலாளிக்கும்கூட.

முதலாளி ஒரு துணிக்கடையில் சட்டை எடுத்தார். பில்லில் 'தொண்ணூறு' நெடில் இழந்து 'தொண்ணுறு' என்று விழுந்திருந்தது. அது அக்காவின் எழுத்துப்பிழை. உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் அந்தக் கடை அவர்களிடம் எதையும் வாங்கியதில்லை.

"திருட்டுப்பய!" என்று சட்டையைக்கூட வாங்காமல் வந்துவிட்டார் முதலாளி. மறுநாளே பூட்டு போடும் பொறுப்பு அவர் மனைவியின் தம்பியிடம் போனது. மச்சினனுக்கு அதுவரை ஆபீஸில் குறிப்பிட்ட வேலை எதுவும் இல்லை என்பதால் உற்சாகம் தாங்கவில்லை.

"இனிமே ஒவ்வொரு மெஷினும் நம்மகிட்ட லைசென்ஸ் கேட்டு ஆக்டிவேட் ஆகணும், மாமா. வாரா வாரம் மறுபடி கேட்கும். மெஷின்ல ஒரு பார்ட் மாறினாலும் நின்னுடும்."

"பிரமாதம் மாப்ள!"

"காசு குடுத்து வாங்கினவங்கதான் சார் அவஸ்தைப்படுவாங்க," என்றார் அக்கா. "எடுத்துட்டுப் போனவன் பழசை வச்சு நிம்மதியா ஓட்டிட்டிருப்பான்."

"நீங்க ஏன்க்கா திருடனுக்கு வக்காலத்து வாங்குறீங்க?" என்றார் முதலாளி.

மச்சினன் லைப்ரரியை யாரும் படிக்க முடியாதபடி உருமாற்றினார். பாதுகாப்புக்காக, அக்காவின் கணினியிலிருந்த மூலப் புரோகிராமையும் அழித்தார். பூட்டைத் திறக்கும் ரகசியத்தை லைசென்ஸ் வழங்கும் மெஷினுக்குள்ளேயே வைத்தார். அந்த மெஷினை ஓர் அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

பூட்டிய லைப்ரரி எல்லா வாடிக்கையாளர்களிடமும் பழையதை அழித்துவிட்டு உட்கார்ந்தது. அதன்பிறகு ஆபீஸில் போன் ஓயவில்லை. மருந்துக்கடைக்காரர் மவுஸ் மாற்றினார்; பில் நின்றது. ஒரு பள்ளிக்கூடத்தில் கணினியை மேஜையின் அந்தப் பக்கம் நகர்த்தியதற்கே நின்றுவிட்டதாகப் புகார். "அது எங்க சாப்ட்வேரோட விழிப்புணர்ச்சி," என்று மச்சினன் விளக்கினார்.

பிறகு அந்த அலமாரி மெஷின் மெதுவாக ஓடுகிறதென்று அவரே அதில் புது மெமரியைச் செருகினார்.

லைசென்ஸ் சான்றிதழில் 'ஏழு நாட்கள்' என்பதை எழுத்தில் அச்சிட, அந்த மெஷினும் இதே லைப்ரரியைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தது. பார்ட் மாறியதும் லைப்ரரி லைசென்ஸ் கேட்டது. யாரிடம் கேட்டது? தன்னிடமே. தன்னிடம் லைசென்ஸ் இல்லாததால் தனக்கு லைசென்ஸ் தர மறுத்தது. மச்சினன் பழைய மெமரியைத் திரும்ப மாட்டினார். மெஷினின் சந்தேகம் இரட்டிப்பானது.

வார முடிவில் வாடிக்கையாளர்களின் பில்கள் ஒவ்வொன்றாக நின்றன. மருந்துக்கடைக்காரர் போனில் முதலாளியின் வம்சத்தையே விசாரித்தார்.

"மறுபடி எழுத எவ்வளவு நாளாகும்க்கா?"

"ஒரு மாசம் குடுங்க சார். இல்லைன்னா துணிக்கடைக்குப் போங்க."

வேறு வழியில்லாமல் போனார்கள். கல்லாவுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், அந்தக் கடையின் கணினியைப் பார்த்துக்கொள்ளும் தாடிக்காரர் நாற்காலி போட்டு உபசரித்தார். முதலாளிக்கு முகம் சுண்டிப்போயிருந்தது.

"எங்க லைப்ரரியோட... ஒரு காப்பி... உங்ககிட்ட இருக்குன்னு கேள்விப்பட்டோம்."

"இருக்கு சார். முன்னாடி நான் வேலை பார்த்த ஆபீஸ்ல உங்ககிட்ட வாங்கியிருந்தாங்க, அங்கேர்ந்து வரும்போது எடுத்துட்டு வந்தேன். தப்புதான், மன்னிச்சிடுங்க." தாடிக்காரர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "தொண்ணூறை மட்டும் போன மாசம் சரி பண்ணினேன்."

"அடப்பாவி, இனிமே உன்னை மாதிரி ஆளுங்களை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?" என்று முதலாளி நிஜமாகவே கலங்கினார். அக்கா அதற்குள் பென் டிரைவை நீட்டிவிட்டார்.

அன்று மாலைக்குள் பூட்டில்லாத லைப்ரரி எல்லா வாடிக்கையாளர்களுக்கும் போனது. ஆனால் பூட்டே இல்லை என்று வெளியே தெரிந்தால் மானம் போகும் என்றார் முதலாளி. மச்சினனும் தலையாட்டினார். எனவே அக்கா கணினித் திரையில் திறக்கும் ஒரு சின்ன ஜன்னலை எழுதினார். 'லைசென்ஸ் சரிபார்க்கப்படுகிறது' என்று ஒரு வட்டம் கொஞ்ச நேரம் சுற்றும், எதையும் சரிபார்க்காது, பிறகு பச்சை டிக் விழும். வட்டம் இன்னும் கொஞ்சம் சுற்றினால் கம்பீரமாக இருக்கும் என்று முதலாளி சொல்ல, அதையும் செய்து கொடுத்தார்.

அடுத்த வாரம் மருந்துக்கடைக்காரர் தானே போன் செய்தார்.

"சார், இந்தப் புது பாதுகாப்பு ரொம்ப நல்லாயிருக்கு. இதைத்தான் முதல்லயே குடுத்திருக்கணும்."

"எல்லாம் நம்ம மச்சான் கைவண்ணம்," என்றார் முதலாளி. அந்த மாதமே மச்சினனுக்குத் தனி அறை ஒதுக்கப்பட்டது.