இஞ்சு டேப்பில் அளந்த கடல்

பொன்னுதுரை முப்பத்திரண்டு வருஷம் கப்பலில் சுக்கான் பிடித்தவர். தூத்துக்குடியில் அவருடைய தெருவில் யார் வீட்டு ஆண்பிள்ளை கப்பலேறினாலும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போவான். கப்பல் எங்கே நிற்கிறது, எப்போது வரும் என்று பெண்கள் வந்து கேட்பதும் அவரிடம்தான். வளைகுடாவில் சண்டை மூண்ட பிறகு அந்தப் பெண்கள் அவரைத் தாண்டி உள்ளே போய், தையல் மிஷினில் இருக்கும் மருமகள் ஷெர்லியிடம் கேட்கிறார்கள். மனுசனுக்கு எப்படி இருக்கும்? உள்ளுக்குள் புகைச்சல்தான்.

ஷெர்லி கப்பலைக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி, ஏறியதில்லை. ரவிக்கை அளவு வெட்டுகிற பழுப்புக் காகிதத்தில் சாக்கட்டியால் கடலை வரைந்து சுவரில் ஒட்டியிருந்தாள். கப்பல்களைப் புள்ளி புள்ளியாகக் காட்டும் ஆப் ஒன்று அவள் போனில் உண்டு. அதைப் பார்த்துப் பார்த்துக் காகிதத்தில் குண்டூசி குத்துவாள். சண்டை நடக்கிற நீரிணை வந்ததும் கப்பல்கள் சிக்னலை அணைத்துவிட்டு ஓடும். அந்த இடத்தைத் தாண்டிய பிறகுதான் புள்ளி திரும்பத் தெரியும். தெருவில் ஏழு வீட்டு ஆண்பிள்ளைகளின் கப்பல்கள் அப்படித் தாண்டிவிட்டன. ஏழும் ஒன்பது மணி நேரத்தில், ஒரே இடத்தில் தெரிந்தன.

இன்று காலை ஐந்து மணிக்கு மறைந்தது அவள் புருஷன் நேசக்குமாரின் கப்பல்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஒன்பது மணி நேரம் முடிந்தது. புள்ளி வரவில்லை. இரண்டரைக்கும் இல்லை. பொன்னுதுரை தன் போனைத் தேடி எடுத்தார்.

"ஏளா ஷெர்லி, கம்பெனிக்குப் போன் போடுதேன்."

"நான் போட்டுட்டேன் மாமா. அவங்களுக்கும் தெரியல. இது அஞ்சு மணிக்குத்தான் வரும்."

"ஏழு கப்பலும் ஒம்பது மணி நேரத்துல வந்துச்சில்லா?"

"அதெல்லாம் காலிக் கப்பல். இதுல உர லோடு இருக்கு." கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பை எடுத்துக் காகிதத்தில் வைத்தாள். "மறைஞ்ச எடத்துலேருந்து தெரியுத எடம் ஒம்பது இஞ்சு. காலிக் கப்பல் மணிக்கு ஒரு இஞ்சு போச்சு. இத நேத்து முழுக்க அளந்தேன், முக்கால் இஞ்சுதான் போவுது. அப்ப பன்னெண்டு மணி நேரம்."

பொன்னுதுரை டேப்புக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். இது கேப்டன்மார் போடுகிற கணக்கு. சுக்கானில் நின்றபடி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார், ஒருநாளும் அவருக்குப் பிடிபட்டதில்லை. ரவிக்கைக்குக் கை அளக்கிற டேப்பில் இவள் போட்டுவிட்டாள். அடேயப்பா என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கணக்கு தப்பென்றால் மகன் இல்லை என்று அர்த்தம். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மூன்றரைக்கு எதிர்வீட்டு ஜீவமணி ஓடிவந்தாள். "அக்கா, எங்க வீட்டு ஆளு கப்பல் எங்கன நிக்கி?"

ஷெர்லி போனைப் பார்த்தாள். "நேத்து நின்ன எடத்துலயே நங்கூரம் போட்டு நிக்கி. பயப்படாத. போய்ப் பிள்ளைக்குச் சோறு குடு."

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. தன் புருஷன் கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜீவமணி போன பிறகுதான் மிஷின் மேல் மூடிவைத்த தட்டை பொன்னுதுரை திறந்து பார்த்தார். காலை இட்லி அப்படியே காய்ந்து கிடந்தது.

கப்பலிலும் சரி, வீட்டிலும் சரி, நீட்டின டீயை வாங்கிக் குடித்தே பழகியவர் அவர். எழுந்து அடுப்படிக்குப் போய் டப்பாக்களை உருட்டினார்.

"சீனி ரெண்டாவது தட்டுல, மாமா," என்று மிஷின் பக்கமிருந்து சத்தம் வந்தது.

டீ பாயசமாக இனித்தது. அவள் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

ஐந்து மணி ஆயிற்று. புள்ளி இல்லை. ஐந்து ஐந்துக்கும் இல்லை. அவள் டேப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்க, விரல் நுனி வெளுத்துவிட்டது.

"எனக்குப் பயமா இருக்கு மாமா."

இத்தனை நாளில் அவள் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"கணக்கு சரிதாம்மா," என்றார் பொன்னுதுரை.

ஐந்து பன்னிரண்டுக்குப் புள்ளி தெரிந்தது. ஏழு குண்டூசிக்குப் பக்கத்தில், அவள் டேப் வைத்த அதே இடத்தில். எட்டாவது குண்டூசியைக் குத்திவிட்டு, ஷெர்லி தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். பொன்னுதுரை அந்தப் பழுப்புக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சாமி முன்னால் நிற்பதுபோல் கை தானாகக் கட்டிக்கொண்டது.

ஷெர்லியின் போன் அடித்தது. அவர் எடுத்தார். ஜீவமணிதான்.

"பெரியப்பாவா? எங்க வீட்டு ஆளு கப்பல் கெளம்புனா எத்தன மணி நேரத்துல தாண்டும்? நீங்களே சொல்லுங்களேன்."

முன்பு என்றால் அரைமணி நேரம் பேசியிருப்பார்.

"எனக்குத் தெரியாதும்மா. ஷெர்லிக்குத்தான் தெரியும். அவ இப்ப அழுதுட்டிருக்கா. அழுது முடிக்கட்டும், கேட்டுச் சொல்லுதேன்."