சம்பந்தியின் கட்டைவிரல்

எங்கள் காரைத் தான்தான் ஓடவைத்ததாகச் சம்பந்தி போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். இது எங்கள் குடும்ப மானம் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். அவர் கொடுத்தது ஒரு கட்டைவிரல். அதற்கு மேல் ஒரு நகம்கூட இல்லை.

அது என் அப்பா வாங்கிய கார். எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஆஸ்பத்திரியிலிருந்து அதில்தான் வீடு வந்து சேர்ந்தோம். இப்போது என் மகளுக்கு மகள் பிறந்திருக்கிறாள். அவளையும் அதில்தான் கூட்டிவருவேன் என்று சம்பந்தியின் காது புளிக்கச் சொல்லியாகிவிட்டது.

அவளைக் கூட்டிவருவதற்கு முந்தின நாள் என் தம்பி, சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று எஞ்சினிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரை உருவிவிட்டான். நான்கு பிளக்குகளுக்கும் முறைவைத்து மின்சாரம் பிரித்துக் கொடுப்பது அது. எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று ஒரு கீறல் போட்டுவைக்க வேண்டாமா? போடவில்லை. போதாக்குறைக்கு விசிறியைப் பிடித்து எஞ்சினையும் சுற்றிவிட்டான். காலையில் பிடித்துக் கேட்டால், "அண்ணியை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்துடறேண்ணா" என்று கம்பி நீட்டிவிட்டான்.

ஷெட்டில் நான் குனிந்து நின்றேன். வெள்ளைச் சட்டையோடு ஸ்டூலில் சம்பந்தி.

"பொத்தானை அமுக்கினா கிளம்புற என் வண்டி வாசல்ல நிக்குது சம்பந்தி. எதுக்கு வேர்க்கிறீங்க?"

"நல்லா நிக்குது. நிக்கட்டும்."

எஞ்சின் முன்னால் சுழலும் புல்லிச் சக்கரத்தில், முதல் பிஸ்டன் உச்சிக்கு வந்ததைக் காட்டும் கோட்டை நேருக்குக் கொண்டுவந்தேன். உள்ளே சுழலும் ரோட்டாரை முதல் பிளக்கின் ஒயரைப் பார்க்கவைத்து டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கினேன். அடியில் உள்ள பல்சக்கரத்தின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. இறங்க இறங்க ரோட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ரொம்ப நாள் பழக்கம்னீங்க? உங்களைப் பாத்ததும் திரும்பிக்குதே!"

எடுத்து, சற்றுப் பின்வாங்க வைத்து இறக்கினேன். இப்போது திரும்பி வந்து சரியாக நின்றது. மூடியை மாட்டி, காரின் முன்னால் செருகிக் கிளப்பும் ஹேண்டிலைச் சுற்றினேன். கார்புரேட்டர் வழியாகப் படாரென்று ஒரு வெடி. சம்பந்தி ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தார்.

"நான் ஏதும் தப்பா பேசியிருந்தா மனசுல வச்சுக்காதீங்க!"

அந்த நேரம் பார்த்து என் மனைவியின் போன்.

"டாக்டர் கிளம்பச் சொல்லிட்டார். அரை மணி நேரம் பாப்பேன். நீங்க வரலைன்னா சம்பந்தியைக் கூப்பிட்டுடுவேன். பச்சைக் குழந்தையை வச்சுக்கிட்டு உங்க வீறாப்புக்கெல்லாம் காத்திருக்க முடியாது."

போனை வைத்த பிறகு மூளை வேலை செய்தது. பிஸ்டன் உச்சிக்கு இரண்டு தடவை வரும். ஒரு தடவை காற்றை அழுத்திக்கொண்டு, மறுதடவை புகையை வெளியே தள்ளிக்கொண்டு. புல்லிக் கோடு இரண்டு தடவையும் நேராகத்தான் நிற்கும். பொறி விழ வேண்டியது காற்றை அழுத்தும் தடவையில்; நான் பிடித்தது புகை தள்ளும் தடவையாக இருக்க வேண்டும். இன்னொரு தரம் தவறினால் மானம் கப்பலேறிவிடும். அதனால் சந்தேகமறத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முதல் பிளக்கைக் கழற்றி ஒருவர் விரலால் ஓட்டையை அடைக்க, இன்னொருவர் ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். காற்று விரலைத் தள்ளினால் அதுதான் சரியான தடவை. என் இரண்டு கையும் ஹேண்டிலுக்கே போதாது.

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"சம்பந்தி, ஒரு விரல் குடுங்க."

"எந்த விரல்?"

"கட்டைவிரல். இந்த ஓட்டையை அடைக்கணும்."

"கடிக்குமா?"

"எங்க வீட்டு வண்டி விருந்தாளியைக் கடிக்காது."

அவர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். "நான் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், என் வண்டி ஜெயிச்சுடும். தெரியுதில்ல?"

"தெரியுது."

"தெரிஞ்சா சரி." சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்துவந்தார்.

சுற்றினேன்.

"ஒண்ணுமில்ல... இன்னும் ஒண்ணுமில்ல... ஐயோ, தள்ளுது! விரலைத் தூக்குது சம்பந்தி!"

அங்கேயே கோட்டை நேருக்கு நிறுத்தினேன். டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்வாங்க வைத்து இறக்கியதும், ரோட்டார் திரும்பி முதல் ஒயரைப் பார்த்து நின்றது. பிளக்கையும் மூடியையும் மாட்டி ஹேண்டிலை ஒரு சுற்றுச் சுற்றினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் தடுமாறியபோது டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை திருப்பி, சத்தம் சீரானதும் போல்ட்டை இறுக்கினேன். காதை வைத்தே இதைச் செய்தவன் நான். சம்பந்தி இதை யாரிடமும் சொல்வதில்லை.

அவர் தன் வண்டியை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு என்னோடு ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் காரைக் கண்டதும் மகள் சிரித்தாள். என் மனைவி என் கையைத்தான் பார்த்தாள். சோப்புப் போட்டுத் தேய்த்தும் முழங்கைவரை கிரீஸ்.

"இந்தக் கையோட குழந்தையைத் தொட்டீங்க, நடக்கிறதே வேற."

சம்பந்திக்குக் கட்டைவிரல் மட்டும்தான் கறுப்பு. ஆகவே நான் ஓட்ட, பேத்தி அவர் மடியில் வந்தாள். விரல் படாமலிருக்க அதை மட்டும் உயர்த்திப் பிடித்திருந்தார். கண்ணாடியில் எப்போது பார்த்தாலும் அந்த விரல்தான் தெரிந்தது.

"கண்ணு, இது நம்ம வண்டி," என்றார் பேத்தியிடம். "தாத்தாதான் ஓட வச்சேன்."

"சம்பந்தி!"

"ரோட்டைப் பாருங்க சம்பந்தி, குழந்தை இருக்கு."

'நம்ம' இல்லை, 'எங்க' என்று திருத்த வாயெடுத்தேன். அதற்குள் மேடு வந்துவிட்டது. கியர் மாற்ற வேண்டியிருந்தது.