குறை கேட்ட விருந்தாளி

ஆள் இல்லாத நேரத்தில் வந்து, ஆளே இல்லை என்று எழுதிக்கொண்டு போவதற்குப் பட்டப்படிப்பு வேறு கேடா? ஜிபாருக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அது ஜூலை மாதம். ஊரே ஆடு, குதிரைகளை ஓட்டிக்கொண்டு கோடை மேய்ச்சலுக்கு மலையேறியிருந்தது. நோயாளிகளும் அங்கேதான். செலவைக் குறைக்கத் தலைநகரிலிருந்து வந்த அதிகாரி உலானின் கண்ணில், மாவட்ட மருத்துவமனை ஸ்கேன் அறை வாசலில் கிடந்த காலி பெஞ்சுதான் பட்டது.

"சும்மா கிடக்கிற மெஷினுக்கு இவ்ளோ செலவா? நகரத்துல ஒண்ணு வச்சா நாலு மாவட்டத்துக்கும் போதும்."

"அக்டோபர்ல வாங்க சார். உட்கார இடம் இருக்காது," என்றாள் மெஷினை இயக்கும் ஜிபார்.

"அறிக்கை ஆகஸ்ட்ல குடுக்கணும்மா."

வந்தவருக்கு விருந்து வைக்காமல் அனுப்ப முடியுமா? மலைக்கு அழைத்துப் போனார்கள். சோரோன்பை பெரியவர் தன் கூடாரத்தில் ஆடு வெட்டி, இருமிக்கொண்டே பரிமாறினார். வசந்தத்திலிருந்தே அந்த இருமலில் ரத்தம். குதிரைப்பால் கறவை முடியாமல் கீழே இறங்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

"ஆஸ்பத்திரியில ஏதாவது குறை உண்டா பெரியவரே?" வாய் நிறையக் கறியோடு கேட்டார் உலான்.

"ஒரு குறையும் இல்ல மகனே. நீ சாப்பிடு."

"இவருக்கே ஸ்கேன் எடுக்கணும் சார்," என்று ஜிபார் குறுக்கிட்டாள்.

"வாய மூடு பொண்ணே. விருந்தாளி சாப்பிடற எடத்துல ஒப்பாரி வைப்பியா?" என்று அதட்டினார் பெரியவர்.

செப்டம்பரில் லாரி வந்து மெஷினை ஏற்றிக்கொண்டு போனது. அக்டோபரில் மந்தைகள் இறங்கின. பெஞ்சு நிரம்பி வழிந்தது. பாதி உடம்பாக வந்து சேர்ந்தார் சோரோன்பை. நகரத்துக்குப் போகும் கணவாயைப் பனி மூடியிருந்தது.

ஜிபார் உலானுக்குப் போன் போட்டு, பெரியவர் கையில் கொடுத்தாள். அவரோ பிள்ளைகள் சுகமா, மாமனார் சுகமா, ஆடுமாடு சுகமா என்று ஒன்று விடாமல் விசாரித்தார். ஜிபார் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப நீ என் கூடாரத்துல இல்ல மகனே. அதனால சொல்றேன். குறை இருக்கு. இங்க மெஷின் இல்ல, அங்க வர வழி இல்ல. நான் இருமுறது உனக்குக் கேக்குதா?"

உலான் மிகவும் வருத்தப்பட்டார். அடுத்த ஜூலையில் நேரிலேயே வந்து பார்ப்பதாகச் சொன்னார்.