தலையணை உயரத்து ஜன்னல்

எங்கள் வீட்டு முன்சுவரில் நான் வெட்டிய ஜன்னலைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் கிடையாது. நூறு வருஷத்துக்கு மேலான மரவீடு. குறுக்குப் பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் சுவர், அதில் அளவெடுத்து வைத்த நான்கு ஜன்னல்கள். அவற்றுக்குக் கீழே, நிற்பவனின் முழங்கால் உயரத்தில், கோணல்மாணலாக ஐந்தாவது ஒன்று. நாய்க்கு வழி விட்டிருக்கிறாயா என்று கேட்ட நண்பனோடு நான் வெகுநாள் பேசவில்லை.

அது என் அக்காவின் தலையணை உயரம். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வயதில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்ப் படுத்தவள். படுக்கையிலிருந்து பார்த்தால் பழைய ஜன்னல்களில் வானம் மட்டும்தான் தெரியும். "வானத்துல என்னடா நடக்குது? ஒண்ணும் நடக்கல. எனக்குத் தெருவைக் காட்டு" என்றாள். ரம்பம் பிடிக்கத் தெரியாத நான் ஒரே நாளில் வெட்டித் திறந்தேன். அதன்பிறகு அவளுக்கு ரேடியோ என்று பெயர் வந்துவிட்டது. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்தப் பிள்ளை பள்ளிக்கு மட்டம் போட்டது, எல்லாம் சுடச்சுட ஒலிபரப்பாகும். தெருவே குனிந்துதான் அவளோடு பேசியது. போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த மழைக்கு முன்சுவரும் போய்விடும் போலிருந்தது. விரலால் அழுத்தினால் பலகை உள்ளே போனது. பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் அலுவலகம் வெளிப்புறம் முழுவதையும் தானே செப்பனிட்டுத் தருவதாகச் சொன்னது. எங்களால் ஆகிற காரியமில்லை என்பதால் கும்பிடு போட்டு ஒத்துக்கொண்டோம். பிறகு அதிகாரி அம்மா ஒரு பழைய புகைப்படத்தோடு வந்தார்.

"படத்துல நாலு ஜன்னல்தான் சார் இருக்கு. கீழ இருக்கறது பின்னாடி யாரோ விவரம் தெரியாம வெட்டினது. அடைச்சிடணும்."

"அந்த விவரம் தெரியாதவன் நான்தாங்க" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. மன்னிப்புக் கேட்டார். நல்ல மனுஷிதான். சண்டை போடவும் வழியில்லாமல் போனதில் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது. அக்காவைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"புரியுது சார். ஆனா முகப்பு படத்துல இருக்கற மாதிரி வரலைன்னா இந்த வேலைக்கே அனுமதி கிடைக்காது. உள்பக்கம் உங்க இஷ்டம். எங்க வேலை வெளிய மட்டும்தான்."

அவர் போனதும் என் மனைவி, "சுவரே விழுந்துட்டா ஜன்னலை எங்க மாட்டுவீங்க? ஆகாசத்துலயா?" என்றாள். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து தன் நாத்தனாரைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகு துடைத்துவிட்டவள் அவள். அவளிடம் எதிர்த்துப் பேச எனக்கு ஏது வாய்? பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

சாரம் கட்டினார்கள். பழைய வண்ணத்தைச் சுரண்டினார்கள். ஜன்னல் முறை வந்த அன்று மேஸ்திரியைத் தனியாக அழைத்துப்போனேன்.

"அடைங்க மேஸ்திரி, வேண்டாம்னு சொல்லல. ஆனா ரெண்டு ஓரத்துலயும் ஒரு கோடு மட்டும் தெரியற மாதிரி விடுங்க. இங்க ஒரு ஜன்னல் இருந்துச்சுன்னு தெரிஞ்சா போதும்."

"அது ஆகாதுங்க. மூட்டெல்லாம் ஒரே நேரா வந்தா அது வழியாத் தண்ணி இறங்கிடும். ஒரு பலகை இங்க முடிஞ்சா அடுத்தது தள்ளிப் போய் முடியணும். பின்சுவத்துல இருந்து நல்ல பழைய பலகையா எடுத்துக் கோத்துடறேன். அப்புறம் எங்க இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது, நீங்க கவலையே படாதீங்க."

எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

சொன்னபடியே செய்தும் முடித்தார். சாரத்தைப் பிரித்த அன்று தெருவில் நின்று தேடினேன். கிட்டே போய்க் குனிந்து கையால் தடவினேன். எதுவும் தட்டுப்படவில்லை. இந்த மனிதர் கொஞ்சம் மோசமாகச் செய்திருக்கக் கூடாதா என்று மனதுக்குள் திட்டினேன். அழுகை வந்துவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், "புது பெயின்ட் கண்ணைக் கரிக்குது இல்ல?" என்றார். ஆமாம் என்றேன்.

உள்ளே ஜன்னலின் சட்டமும் கதவுகளும் அப்படியே இருந்தன. மறுநாள் காலை அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து கொண்டியை நீக்கி, கதவுகளை உள்பக்கமாக இழுத்துத் திறந்தேன். எதிரே பலகைகளின் முதுகு. வண்ணம் படாத பழுப்பு மரம். வெளியே தெருக்கோடி வீட்டு அம்மாவும் அவர் மகளும் நின்று பேசுவது தெளிவாகக் கேட்டது.

"வீடு அழகா ஆயிடுச்சும்மா. அந்த ரேடியோ அத்தை எந்தப் பக்கம் படுத்திருப்பாங்க?"

"இங்கதான். இல்ல, வாசலுக்கு அந்தப் பக்கமோ? தினம் நின்னு பேசின இடம், பாரு, தெரியல."

எங்களுக்கு நடுவே ஒரு பலகையின் கனம்தான். இங்கேதான் என்று காட்ட வேண்டும் போலிருந்தது. விரல் முட்டியால் பலகையைத் தட்டினேன். அவர்களுக்குக் கேட்கட்டும் என்று இன்னும் பலமாகத் தட்டினேன்.

பேச்சு நின்றது.

"உள்ள இன்னும் வேலை முடியல போல" என்றார் அந்த அம்மா. இருவரும் நடந்துபோகிற சத்தம் கேட்டது.